இடது பக்கத்து வெயில்

போன மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். முப்பது வருடமாக ஒரே சலூன்தான். சலூன்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலை முடிந்து முகத்தைத் துடைத்துவிட்டபோது, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டார்: “சார், உங்களுக்கு இடது கன்னத்துல மட்டும் ஏன் இத்தனை புள்ளி? வலது பக்கம் சுத்தமா இருக்கே?”

எழுபதைத் தாண்டியவன் முகத்தை யார் அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள்? நானே பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இடது கன்னத்து எலும்பின் மேலும், நெற்றிப் பொட்டிலும், காதுக்கு முன்னாலும் பழுப்புப் புள்ளிகள். சில மிளகு அளவு, சில துவரம்பருப்பு அளவு. இடது முன்கையிலும் அப்படியே. வலது பக்கம் ஒன்றிரண்டுதான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். காரணம் பிடிபட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

1993-ல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது நினைவிருக்கும். அடுத்த வருடம் எனக்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல். வீடு திண்டிவனத்தில். பிள்ளைகள் படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நான் மட்டும் தினமும் போய் வந்தேன். 2012-ல் ரிடையர் ஆகும் வரை பதினெட்டு வருடம். காலை எட்டரை மணி பஸ். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். சாயங்காலம் அதே வழியில் திரும்புதல். பின்படிக்கு முன்னால் இருக்கும் இடது ஜன்னல் சீட்டுதான் எனக்கு வழக்கம். காற்று வரும், இறங்கவும் சுலபம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் தென்மேற்கில் இருக்கிறது. காலையில் தென்மேற்கே போகிற பஸ்ஸுக்குக் கிழக்கு வெயில் இடது பக்கம்தான் விழும். சாயங்காலம் வடகிழக்கே திரும்பி வரும்போது மேற்கு வெயில் எந்தப் பக்கம் விழும்? அதுவும் இடது பக்கம்தான்! மாலை வெயிலுக்கு வீரியம் குறைவு என்றாலும், காலைக் கணக்கு ஒன்றே போதும். பதினெட்டு வருடம் வலது பக்க சீட்டு நிழலில் கிடக்க, நான் தினமும் தேடிப்போய் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் அந்த வழியில் தினசரி போய் வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே வலது பக்கம் மாறி உட்காருங்கள். ரிடையர் ஆனவனின் முதல் ஆலோசனை இது. காசு செலவில்லை.

இது என் கற்பனை இல்லை. 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். முகத்தின் இடது பாதி தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்குகிறது. வலது பாதி பத்துப் பதினைந்து வயது இளையவர் முகம் போல இருக்கிறது. அந்த ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் ஜன்னல் வெயில் இடது கன்னத்தில். நம் ஊர் லாரி டிரைவர்களுக்கு வலது கன்னமும் வலது கையும் கறுக்கும். ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். புற ஊதாக் கதிரில் இரண்டு வகை நம்மை வந்து சேர்கிறது. தோலைச் சுடுகிற யு.வி.பி.யைத்தான் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும். ஆழமாக இறங்கி நிறத்தையும் சுருக்கத்தையும் உண்டாக்குகிற யு.வி.ஏ. கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும்.

என் புள்ளிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவை இருந்துவிட்டுப் போகட்டும். சலூன்காரர் கேட்ட கேள்வி வேறொன்றைக் கிளறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

என் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மங்கு என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கன்னத்திலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் பழுப்பாகப் படர்கிற திட்டு. பிள்ளைப்பேறு, சில மாத்திரைகள், குடும்பவாகு எல்லாம் அதற்கு விதை போடும். அதை வளர்ப்பது வெயில். எங்கள் வீட்டில் மாசி, பங்குனி வந்தால் மொட்டை மாடியில் வடகம், மிளகாய், புளி என்று ஒவ்வொன்றாகக் காயும். பதினொரு மணிக்குக் கிளறிவிட ஒரு தடவை, ஒரு மணிக்குப் புரட்ட ஒரு தடவை என்று அவள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். அது மங்குக்குத் தீனி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சிவப்பாக வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. 1975-ல் சந்தைக்கு வந்து 2020-ல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த க்ரீமையும் வாங்கியதில்லை. கல்யாண வீடுகளில், “ஏன் முகம் இப்படிக் கருத்துப் போச்சு? உடம்பு சரியில்லையா?” என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. 2004 வாக்கில், எதிர்வீட்டு அம்மா ஒரு சின்ன ட்யூபைக் காட்டினார்கள். “இதைப் போடு, பத்து நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்.” மறுநாள் நான்தான் மெடிக்கல் ஷாப்பில் அதே பேரைச் சொல்லி வாங்கி வந்தேன். சீட்டு கேட்கவில்லை. ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. முகம் பளிச்சென்று ஆனது. உறவுக்காரர்கள் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். அவளும் நாலு பேருக்கு அந்தப் பெயரைச் சொன்னாள். நான் மாதம் ஒரு ட்யூப் வாங்கிக்கொண்டே இருந்தேன். சம்பளம் வாங்கியதும் மளிகை, பால், அந்த ட்யூப். இப்படி இரண்டு வருடம்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. அடுப்படியில் நின்றால் முகம் எரிந்தது. மாடிக்குப் போனால் தக்காளி போலச் சிவந்தது. கன்னத்தில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் தெரிந்தன. வயதுக்குப் பொருந்தாத பருக்கள், தாடையில் பூனைமுடி. பயந்துபோய் க்ரீமை நிறுத்தினாள். மூன்றாவது நாள் முகம் வீங்கி, எரிச்சலில் இரவெல்லாம் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவினாள். அரை மணி நேரத்தில் அடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாராயத்துக்கு அடிமையான ஆளுக்குக் கை நடுக்கம் சாராயத்தால்தான் நிற்கும். அதே கதைதான் இங்கே.

புதுச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். வயதில் சின்னப் பெண். ட்யூபை வாங்கிப் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, “இதுல ஸ்டீராய்டு இருக்கு. இது முகத்துக்கு மாசக்கணக்குல போடுற மருந்து இல்ல அம்மா. யார் எழுதிக் கொடுத்தாங்க?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். “யாரும் எழுதல டாக்டர். நானாத்தான் வாங்கிப் போட்டேன்” என்றாள் என் மனைவி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் முகம் ஓரளவு தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மங்கு போகவில்லை. முன்னைவிடக் கருத்துத் திரும்பி வந்தது. அந்தச் சிவப்பு நரம்புகள் இன்றும் இருக்கின்றன.

அந்த டாக்டரும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவையும் சொல்வது இதுதான். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கரப்பானுக்கும் சில தோல் நோய்களுக்கும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால் அது நல்ல மருந்து. ஆனால் அது ரத்தக் குழாயைச் சுருக்கும், நிறமி சுரப்பதைக் குறைக்கும். அதனால்தான் பத்து நாளில் பளிச்சென்று தெரிகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து காகிதம் போல ஆகிவிடும். மெலிந்த தோல் வெயிலைத் தாங்காது. எதற்காகப் போட்டோமோ அதையே அது கூட்டிவிடும். மங்குக்கென்று டாக்டர்கள் எழுதும் க்ரீம் ஒன்றிலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற இரண்டு மருந்துகளோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அதைக் கொஞ்ச வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்பில் கொடுப்பார்கள். நம் ஆட்கள் அந்தச் சீட்டையே ரேஷன் கார்டு போல வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களைப் பேத்தியிடம் சொல்லி ட்யூபில் தேடச் சொல்லுங்கள். இருந்தால், டாக்டரைக் கேட்காமல் முகத்தில் வைக்க வேண்டாம். நெடுநாள் போட்டுவிட்டவர்கள் ஒரே நாளில் தூக்கி எறியவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.

இந்தியா முழுக்க இந்தக் கூத்து நடப்பதைப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் சங்கமே பல வருடம் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு, தோலில் போடும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் போன வருடம்கூட ஒரு மெடிக்கல் ஷாப்பில் என் முன்னால் ஒரு இளம்பெண், பழைய காலி ட்யூபை நீட்டி, “இதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணா” என்று வாங்கிப் போனாள். சட்டை பட்டன் வாங்குகிற மாதிரி.

நான் சும்மா இருக்கவில்லை. கடைக்காரரிடம், “சீட்டு இல்லாம குடுக்கலாமாப்பா?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “சார், அது கம்பெனிக்கு வேலைக்குப் போற பொண்ணு. டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் சம்பளம் போச்சு, ஃபீஸ் வேற. நான் குடுக்கலைன்னா அடுத்த கடை. அதுக்கு என்ன பண்றது, சொல்லுங்க?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் திண்டிவனத்திலிருந்து போய், வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு முழு நாள் வேண்டும். நாள் கூலிக்காரருக்கு அது லேசில்லை. இருந்தாலும் என் பதில் இதுதான்: அந்த ட்யூப் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஒரு நாளுக்கு, நாங்கள் பிறகு ஒரு வருடத்தைக் கொடுத்தோம். மங்கு உயிரைக் குடிக்கிற நோய் இல்லை. டாக்டரைப் பார்க்க வசதிப்படும் வரை ஒன்றுமே போடாமல் இருந்தால் நஷ்டம் எதுவும் இல்லை. அந்த நாள் வரை தலையில் ஒரு துணி போட்டுக்கொள்ளலாம்.

ட்யூபில் பெயராவது இருக்கிறது. பெயரே சரியாக இல்லாத டப்பா க்ரீம்கள் அதைவிட மோசம். 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் போய், முகமும் காலும் வீங்கி வந்தவர்களில் பலர் நிறம் கூட்டும் க்ரீம் போடுகிறவர்கள். அவர்கள் பிறகு வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட 22 நோயாளிகளில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரகப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் நிறக் க்ரீம் போட்டவர்கள். காரணம் பாதரசம். பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுக்கும், கூடவே தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரள அரசு ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. ஆகவே, தயாரித்த கம்பெனியின் விலாசம், உரிம எண், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் இல்லாத டப்பாவை, வெளிநாட்டிலிருந்து மருமகனே கொண்டு வந்தாலும், வாங்கி ஓரமாக வையுங்கள்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் வெயிலை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அனல் வேறு, வெயிலின் கதிர் வேறு. கத்திரி வெயிலுக்கு மட்டும் பயந்து மற்ற நாளில் அலைகிறோம். ஆனால் நம் திண்டிவனத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டு முறை. சித்திரை பத்தாம் தேதி வாக்கில் ஒன்று, ஆவணி முதல் வாரத்தில் ஒன்று. ஆவணியில் மேகம், காற்று, கொஞ்சம் குளுமை எல்லாம் இருக்கும். கதிர் மட்டும் சித்திரையளவு இருக்கும். வெள்ளை மேகம் அதை முழுக்கத் தடுக்காது.

நம் தாத்தா காலத்தில் நிழலை அடியால் அளந்து மணி சொல்வார்கள். அதே நிழல்தான் இதற்கும் அளவுகோல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பொருள். சித்திரையில் காலை ஒன்பதே கால் தாண்டினாலே நிழல் குட்டையாகிவிடும், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகுதான் நீளும். மார்கழியில்கூட உச்சிவேளையில் நம் நிழல் நம்மைவிடக் குட்டைதான். நம் ஊரில் வருடம் முழுக்க ‘குட்டை நிழல் நேரம்’ உண்டு. மாடி வேலை, வங்கி வேலை, மாத்திரை வாங்கும் வேலை எல்லாவற்றையும் நிழல் நீளமாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நிழலில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. தினமும் ஒரே பக்கம் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கன்னம் சாட்சி.

அடுத்தது துணி. கூட்டேரிப்பட்டு தாண்டி மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்களைப் பஸ்ஸிலிருந்து பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். புடவைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டைப் போட்டுக் காதையும் கழுத்தையும் மூடிய கட்டு. எங்கள் பஸ்ஸில் சிலர் அதைப் பார்த்துக் கேலிகூடச் செய்வார்கள். இன்றைக்குத் தோல் மருத்துவர்கள் சொல்வதெல்லாம் அதைத்தான்: நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணி, முகத்துக்கு நிழல், கழுத்துக்கு மறைப்பு. அந்த அம்மாக்கள் எந்த டாக்டரையும் கேட்டுச் செய்யவில்லை. மரக்காணம் உப்பளத்தில் இன்னொன்றைக் கவனிக்கலாம். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. தலைக்கட்டு மட்டும் அங்கே போதாது, தாடையையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். வெள்ளை பெயிண்ட் அடித்த மொட்டை மாடிக்கும் இதே கணக்குதான்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நான் சிறுவனாக இருந்தபோது ஊர்க் கர்ணம் குடையில்லாமல் வெளியே வந்து பார்த்ததில்லை. மழைக்கு மட்டுமில்லை, வெயிலுக்கும் அதுதான். எப்போது நமக்கு வெயிலில் குடை பிடிப்பது வெட்கமானது? பென்ஷன் வாங்கப் போகும் நம்மில் பத்து பேரில் ஒருவர் கையில்கூடக் குடை இல்லை. கறுப்புக் குடை ஒன்று வாங்குங்கள். நாய் வந்தாலும் உதவும்.

சன்ஸ்கிரீன் போடுவதானால், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், யு.வி.ஏ.வையும் தடுப்பதாக எழுதியிருப்பதை வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு வேண்டும், முகத்துக்கும் கழுத்துக்கும். பட்டாணி அளவு தடவினால் அது மனத்திருப்திக்குத்தான். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் ஆகாது என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையை டாக்டர்கள் சொல்கிறார்கள். விலை அதிகம். முடியாதவர்கள் குடையையும் துண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டாலே பெரிய பலன்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கருந்தழும்பு விழும். நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு. தலைச்சாயம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் நெற்றி ஓரமும் கன்னமும் கறுக்கும். அதை வெயில் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ரத்தக் கொதிப்புக்குத் தரும் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற சில, தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.

இருக்கிற புள்ளி மறையுமா? மங்கு மெல்ல வெளிறும். மாதக்கணக்கில் ஆகும். வெயிலில் அலைந்தால் திரும்பவும் வரும். என்னைப் போன்றவர்களின் வயசுப் புள்ளிகளை லேசர் வைத்து எடுக்கிறார்கள். நம் மாநிறத் தோலில் எடுத்த இடமே கறுத்துவிடும் சாத்தியம் உண்டு என்பதால், தெரிந்த தோல் மருத்துவரிடம் மட்டும் போக வேண்டும், அழகு நிலையத்தில் அல்ல. பத்து நாளில் போக்கிவிடுவேன் என்று யாராவது சொன்னால், அந்த வேகத்துக்கே பயப்படுங்கள்.

எல்லாப் புள்ளியும் வெயில் புள்ளி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிறியோ சிவந்தோ இருக்கும் தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மருந்து உண்டு, முழுக்கக் குணமாகும். பின்கழுத்து வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால், நார் போட்டுத் தேய்க்காமல் சர்க்கரையைச் சோதியுங்கள். வளர்கிற, வடிவம் மாறுகிற, ரத்தம் கசிகிற, வாரக்கணக்கில் ஆறாத புள்ளியையும், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாக வந்த கறுப்பையும் உடனே காட்ட வேண்டும். நம் நிறத்துக்குத் தோல் புற்று குறைவுதான். ஆனால் வந்தால் பெரும்பாலும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. திந்திரிணி என்றால் புளிய மரம். திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். ஊரில் ஈசனுக்கே திந்திரிணீஸ்வரர் என்று பெயர். நான் பஸ்ஸில் போக ஆரம்பித்த வருடங்களில் அந்த நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் புளிய மரங்கள். இடது ஜன்னலில் உட்கார்ந்தாலும் வெயிலும் நிழலும் மாறி மாறித்தான் விழும். நான்கு வழிச்சாலைக்காக அவை போன பிறகு, என் கடைசி வருடங்களில் முழு வெயில். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புளிய மரத்தின் பெயர் கொண்ட ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் தலைக்கு மேல் ஒரு கிளையாவது வேண்டாமா? நகராட்சியோ, ரோட்டரிக்காரர்களோ, நம் ஓய்வூதியர்கள் சங்கமோ, யார் நட்டாலும் சரி. நான் தண்ணீர் ஊற்ற வருகிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டு மனைவிக்குப் படித்துக் காட்டினேன். டாக்டர் வீட்டு விஷயம் வரும்போது, “அதையெல்லாம் எதுக்குங்க எழுதறீங்க?” என்றாள். “வாங்கிட்டு வந்தது நான்னு எங்கேயாவது எழுதணும்ல” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணி நாலரை, நிழல் நீண்டுவிட்டது, மாடியில் மிளகாய் எடுக்கணும் என்று எழுந்தாள். இருக்கட்டும் என்று சொல்லி நான் போய் எடுத்து வந்தேன்.